மருட்கைக்கு நான்கு வாசல்கள்

(பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளை வைத்து ஒரு பாடம்)

நம் சங்கத் தமிழ் வகுப்புகளில் தொல்காப்பியத்தை அறிமுகம் செய்யும்போது எழுத்தும் சொல்லும் சொல்லி முடிப்பதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது. பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருப்பதைப் பல பெற்றோர்கள்கூட அறிந்திருப்பதில்லை. மனத்தில் எழும் உணர்வு எவ்வாறு உடம்பில் வெளிப்பட்டுப் பிறருக்குப் புலனாகிறது என்பதைப் பேசும் இயல் அது.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்கள் நான்கு நான்காக, மொத்தம் முப்பத்திரண்டு. இவற்றுள் மருட்கை என்பது வியப்பு. அது பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் வகுத்தவை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. இதுவரை காணாததைக் காண்பது புதுமை. அளவில் மிகப் பெரியதைக் காண்பது பெருமை. மிக நுண்ணியதைக் காண்பது சிறுமை. ஒன்று வேறொன்றாக மாறி நிற்பதைக் காண்பது ஆக்கம்.

இலக்கணத்தை ஏட்டில் மட்டும் படித்தால் மறந்துவிடும். நாடகத்துக்கும் செய்யுளுக்கும் மட்டும் உரியதல்ல இந்தப் பாகுபாடு. மலையிலும் காட்டிலும் நாம் வாயடைத்து நிற்கும் கணங்களுக்கும் பொருந்தும். அதைப் பார்க்க ஏற்ற நிலம் ஒன்று உண்டு. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் மலைப்பகுதி அது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. நம்மில் பலர் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் ரயிலிலோ பஸ்ஸிலோ கடந்து போகிறோம்.

புதுமை: காற்று நுழையும் வாசல்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் வாளையாறு தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே நிலம் மாறுவதைக் காணலாம். ஒரு மணி நேரத்துக்கு முன் பார்த்த வறண்ட மேட்டுநிலம் போய், வயலும் வரப்பில் வரிசையாகப் பனைமரங்களும் வந்துவிடும். புதியவர்களுக்கு இது பெரிய வியப்பு. அடிக்கடி போகிறவர்கள் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை. புதுமையின் இயல்பு அதுதான். இரண்டாம் முறை பார்க்கும்போதே அது பாதியாகிவிடும்.

ஆனால் காரணம் தெரிந்தால் பழகிய காட்சியும் மறுபடி புதிதாகும். மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அந்த நெடிய சுவரில் உள்ள மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொடரின் ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்விரண்டு உயரங்களுக்கும் நடுவே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரை பெரும்பாலும் 300 மீட்டருக்கும் கீழே இறங்கிக் கிடக்கிறது.

தென்மேற்குப் பருவத்தில் கடற்காற்று இந்த வாசல் வழியாகக் கிழக்கே பாய்கிறது. மழைச்சாரலும் குளிர்ச்சியும் கோவை மாவட்டத்துக்குக் கிடைப்பது இதனால்தான். மார்கழி, தை மாதங்களில் திசை மாறிக் கிழக்கிலிருந்து காற்று பாலக்காட்டுக்குள் வீசும். கோடையில் தமிழ்நாட்டுச் சமவெளியின் அனலும் இதே வழியில் போவதால், கேரளத்தின் மிக வெப்பமான இடங்களில் ஒன்றாகப் பாலக்காடு இருக்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதற்கும் இதுவே காரணம்.

மனிதனுக்கு வாசலாக இருக்கும் இந்த இடம் வேறு சில உயிர்களுக்கு அகழியாக இருக்கிறது. கணவாய்க்கு வடக்கே உள்ள யானைகளுக்கும் தெற்கே உள்ள யானைகளுக்கும் மரபணுவில் வேறுபாடு இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உயர்ந்த சோலைக்காடுகளில் மட்டும் வாழும் ஒரு சிறு பறவைக்கு அறிவியலார் நம் மலைமக்களின் சொல்லையே எடுத்து ‘சோலைக்கிளி’ என்று ஆங்கிலத்திலும் பெயர் வைத்திருக்கிறார்கள். அது கிளி இனமன்று. கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் இருப்பது ஓர் இனம். தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் இருப்பது வேறோர் இனம். தாழ்ந்த, வெப்பமான இந்தச் சமவெளியைக் கடக்க முடியாமல் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்ததால் இரண்டாகிவிட்டன. நாம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ரயிலில் கடக்கும் தூரம் அது.

பெருமை: ஆனைமுடியும் ஒரு தேக்கும்

பெருமைக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் ஆனைமுடியைச் சொல்வார்கள். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. அதன் அடியில் பரந்து கிடக்கும் இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு அதிக எண்ணிக்கையில் வாழும் இடம் இந்தக் கேரளப் பூங்காதான். மலைக்கு மாநில எல்லை தெரியாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பெருமை உயரத்தில் மட்டும் இல்லை. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் காட்டுக்குள் ‘கன்னிமரா தேக்கு’ என்ற மரம் நிற்கிறது. அந்தக் காடு கேரளத்தில் இருந்தாலும், வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். மரத்தின் அடிச்சுற்று ஏறத்தாழ 7 மீட்டர். ஐந்தாறு பேர் கைகோத்து நின்றால்தான் அணைக்க முடியும். முன்பு இதை வெட்ட முயன்றபோது வெட்டுவாயில் இரத்தம் கசிந்ததாகவும், அதனால் இது கன்னி மரமாகப் போற்றப்பட்டு வெட்டப்படாமல் நின்றதாகவும் அங்குள்ள மக்கள் சொல்வார்கள்.

இந்தக் கதையை மூடநம்பிக்கை என்று தள்ளுவதற்கு முன் இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு ஒரு டிராம் பாதை போட்டது. தேக்கும் மற்ற மரங்களும் அதில் இறங்கிப் போயின. 1963-இல் அந்தப் பாதை மூடப்பட்டது. அதற்குள் எத்தனையோ முதிர்ந்த மரங்கள் காட்டைவிட்டுப் போய்விட்டன. கணக்கு எழுதியவர்கள் மரத்தில் கன அடியைக் கண்டார்கள். கதை சொன்னவர்கள் மரத்தின் பெருமையைக் கண்டார்கள். இன்று நாம் அண்ணாந்து பார்ப்பதற்கு ஒரு மரம் மிஞ்சியிருக்கிறது என்றால், மருட்கை வெறும் உணர்ச்சி மட்டுமன்று, அது ஒரு காவலும் ஆகும் என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

சிறுமை: மண்ணுக்குள் ஒரு தவளை

தொல்காப்பியரின் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாம் இடம். மேல்நாட்டு அறிஞர்கள் வியப்பை ஆராய்ந்தபோது பெரும்பாலும் பெரியவற்றிலிருந்தே தொடங்கினார்கள். 2003-இல் டாக்கர் கெல்ட்னர், ஜொனதன் ஹைட் என்ற இரு அமெரிக்க உளவியலார் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், இத்தகைய வியப்புக்கு இரண்டு கூறுகள் உண்டு என்றார்கள். ஒன்று, நம்மைவிடப் பெரியது என்ற உணர்வு. மற்றது, நமக்குப் பழகிய எண்ணச் சட்டத்துக்குள் அது அடங்காமையால் சட்டத்தையே மாற்றிக்கொள்ள நேர்வது. முதல் கூறு நம் ‘பெருமை’. இரண்டாம் கூறு புதுமைக்கும் ஆக்கத்துக்கும் அருகில் வருகிறது. ஆனால் சிறியது கண்டும் மனிதன் மருள்வான் என்று தனியே ஓர் இடம் ஒதுக்கியவர் நம் ஆசிரியர்.

இதற்கு இடுக்கி மாவட்டமே சாட்சி. 2003-ஆம் ஆண்டு எஸ்.டி. பிஜு, பிராங்கி போசைட் என்ற இரு ஆய்வாளர்கள் இடுக்கியின் கட்டப்பனைப் பகுதியில் கிடைத்த ஒரு தவளையை உலகுக்கு அறிவித்தார்கள். ஊதா நிறம், உப்பிய உடல், கூரிய மூக்கு, சின்னஞ்சிறு கண்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆண்டு முழுவதும் மண்ணுக்கு அடியிலேயே வாழ்ந்து கறையான் தின்னும். மழைக்காலத் தொடக்கத்தில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் மேலே வரும். கேரளத்தில் இதைப் பாதாளத் தவளை என்பார்கள். மாவேலித் தவளை என்றும் பெயருண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து வந்து போகும் மகாபலியின் பெயர் இதற்கு எவ்வளவு பொருத்தம்!

இதன் நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் இல்லை. இந்துமாக்கடலுக்கு நடுவே செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்த காலத்தில் இவற்றின் முன்னோர் வாழ்ந்தார்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினம் மற்றத் தவளைகளிலிருந்து பிரிந்துவிட்டது என்று கணக்கிடுகிறார்கள். கண்டம் நகர்ந்து இமயமலை எழுந்ததற்கும் முந்திய செய்தி ஒன்று, ஏலத்தோட்டத்து ஈரமண்ணில் உயிரோடு புதைந்து கிடந்திருக்கிறது. 2017-இல் தமிழ்நாட்டுப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில், இதன் இரண்டாம் இனமும் அறிவிக்கப்பட்டது. மேற்குச் சரிவுத் தவளை தென்மேற்குப் பருவமழைக்கு வெளிவரும். கிழக்குச் சரிவுத் தவளை வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கும்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அறிவியல் ஏட்டில் பதிவாகும் முன்பே அந்த மண்ணைக் கொத்தி வாழ்ந்தவர்களுக்கு இந்தத் தவளை அறிமுகமானதுதான். வியப்பைத் தேடிப் பயணம் போனவர்கள் எதுவும் காணாமல் திரும்பிய வழியிலேயே, தோட்டத்தில் வேலை செய்தவர் மண்வெட்டி முனையில் அதைப் பார்த்திருப்பார்.

ஆக்கம்: பன்னிரண்டு ஆண்டு வேலை

குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த செடி, பூக்காத காலத்தில் பார்த்தால் யாரையும் நிற்க வைக்காது. புல்வெளிச் சரிவில் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாகப் புதர்போல் கிடக்கும். பன்னிரண்டாம் ஆண்டு, ஆவணி, புரட்டாசி வாக்கில், மலைச்சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் நீலம் பூக்கும். மூணாறுப் பகுதியில் 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்க வேண்டும்.

நீலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் ஆக்கத்தில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். பூத்துக் காய்த்து விதை உதிர்ந்ததும் அந்தச் செடிகள் அனைத்தும் ஒருசேர மடிந்துவிடும். நீலமாக இருந்த மலை பழுப்பாகும். பிறகு விதைகள் முளைத்து, அடுத்த பன்னிரண்டு ஆண்டு வேலை தொடங்கும். இப்படி ஒரே சமயத்தில் ஏராளமாக விதைப்பதால், விதை தின்னும் உயிர்கள் தின்று தீர்க்க முடியாமல் மிச்சம் விழுந்து முளைக்கின்றன என்பது அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. பச்சை நீலமாகி, நீலம் பழுப்பாகி, பழுப்பு மீண்டும் பச்சையாவது முழுவதும் சேர்ந்ததே ஆக்கம்.

மழையிலும் ஆக்கம் காணலாம். மூணாறிலிருந்து மறையூர் வழியாகச் சின்னாற்றுக்கு இறங்கும் சாலையில் ஒரு பகல் பயணத்துக்குள் தேயிலையும் சோலையும் முடிந்து, சந்தனக்காடு வந்து, கடைசியில் முட்செடிகளும் கள்ளியும் வந்துவிடும். மலையின் மேற்குமுகம் மழையை வாங்கிக்கொள்வதால் கிழக்கே உள்ள சின்னாற்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது. நட்சத்திர ஆமையும் சாம்பல்நிற மலை அணிலும் அங்கே வாழ்கின்றன. அந்தப் பக்கத்துப் பாம்பாறு, கேரளத்தின் பெரும்பாலான ஆறுகளைப்போல் மேற்கே ஓடாமல் கிழக்கே திரும்பி, அமராவதியாகி, உடுமலைப்பேட்டை, கரூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது.

அடுத்த வீட்டில் அச்சம்

மெய்ப்பாட்டு வரிசையில் மருட்கைக்கு அடுத்து நிற்பது அச்சம். இந்த வரிசை தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மலைகளை அறிந்தவர்களுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்தான்.

1924-ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழையைக் கேரளத்தார் கொல்லம் ஆண்டுக் கணக்கில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பார்கள். மூணாறில் தேயிலை ஏற்றிச் செல்லக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில் அந்த வெள்ளத்தில் போனது. பிறகு அது கட்டப்படவே இல்லை. 2018-இல், குறிஞ்சி பூக்க வேண்டிய ஆகஸ்ட் மாதத்திலேயே, கேரளம் முழுவதும் வெள்ளம் சூழ்ந்து மூணாறுச் சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, இரவிகுளம் பூங்காவை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் தேயிலைக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள்.

சுற்றுலா வந்தவர் பஸ் ஜன்னலில் பார்த்து “ஆகா!” என்ற அதே மலைதான் அது. அந்தக் குடும்பங்களுக்கு அது வாசலுக்கு வெளியே தினமும் நின்ற மலை. அவர்களும் அதன் அழகை அறியாதவர்கள் அல்லர். ஆனால் மழை நிற்காமல் கொட்டும் இரவில் அவர்கள் காதில் விழும் ஒலி நமக்குக் கேட்பதில்லை. அந்த மக்கள் எந்த லயத்தில், எந்தச் சரிவில் உறங்குகிறார்கள் என்ற எண்ணமே இல்லாத வியப்பு முழு வியப்பாகாது. படம் பார்த்த மகிழ்ச்சிதான் அது. இயற்கையைக் கண்டு மருளும் நாம், அந்த இயற்கையின் மடியில் உழைக்கிறவர்களுக்குப் பத்திரமான இடத்தில் வீடு வேண்டும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

2030-ஐ முன்வைத்தும் ஒரு வார்த்தை. குறிஞ்சி பூக்கும் ஆண்டில் மலைக்குப் போகிறவர்கள் மிக அதிகம். பூவைப் பறித்துக்கொண்டு வருவது அடுத்த பன்னிரண்டு ஆண்டுக்கான விதையைக் கையோடு கொண்டுவருவது போன்றது. 2006-இல் வட்டவடை, கொட்டக்கம்பூர்ப் பகுதியில் குறிஞ்சிக்கென்றே ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நம் குழந்தைகளை அழைத்துப் போவோம், பார்க்கச் செய்வோம், பறிக்காமல் திரும்புவோம்.

வீட்டிலிருந்தபடியே

நம்மில் எல்லோருக்கும் ஆண்டுதோறும் ஊருக்குப் போக வாய்ப்பதில்லை. அதனால் பாடம் நின்றுவிட வேண்டியதில்லை. 2020-இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. முதியவர்களை இரு குழுவாகப் பிரித்து, எட்டு வாரங்கள், வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஒரு குழுவினரிடம் மட்டும், சுற்றிலும் வியப்பானதைத் தேடிப் பார்த்து நடக்கும்படி கூறினார்கள். நடக்கும்போது தங்களைத் தாங்களே படம் எடுத்து அனுப்ப வேண்டும். வாரங்கள் செல்லச் செல்ல, வியப்பைத் தேடியவர்களின் படங்களில் அவர்கள் உருவம் சிறிதாகிக்கொண்டே வந்தது. சுற்றியிருந்த காட்சி பெரிதாகியது. முகத்தில் சிரிப்பும் விரிந்தது. யாரும் அப்படி எடுக்கச் சொல்லவில்லை. தான் சிறுத்து, கண்டது பெருகுவதுதான் மருட்கையின் மெய்ப்பாடு என்று நாம் இதற்கு உரை எழுதலாம்.

அதற்கு ஆனைமுடி தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நமக்குக் குடியிருப்பின் பின்புறத்து வேப்பமரமோ, பால்கனித் தொட்டியில் முளைத்த வெந்தயமோ போதும். பெருமை வேண்டுமானால் இரவு வானம் இருக்கிறது. சிறுமைக்கு எறும்பு வரிசை இருக்கிறது. புதுமைக்கு, தினமும் போகும் வழியில் இதுவரை பெயர் கேட்காத ஒரு மரம் இருக்கிறது. ஆக்கத்துக்கு, உறையூற்றிய பால் காலையில் தயிராகி இருப்பதைக் குழந்தைக்குக் காட்டினால்கூடப் போதும்.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. இந்த வாரம் நீங்கள் கண்டு வியந்த நான்கினை எழுதுங்கள்: புதியது ஒன்று, பெரியது ஒன்று, சிறியது ஒன்று, மாறியது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஏன் என்ற காரணத்தை ஒரு வரியில் கேட்டறிந்து சேருங்கள். காரணம் தெரிந்த பிறகு வியப்பு குறைந்ததா, கூடியதா என்பதையும் எழுதுங்கள்.

2. வீட்டில் பாட்டி, தாத்தாவிடம் அவர்கள் ஊர் மலையையோ ஆற்றையோ பற்றிக் கேளுங்கள். அவர்கள் அதைக் கண்டு வியந்ததும் அஞ்சியதும் எப்போது? இரண்டையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்து வையுங்கள்.

3. 2018-இல் குறிஞ்சி பூத்தபோது உங்களுக்கு வயது என்ன? 2030-இல் பூக்கும்போது என்ன வயதாகும்? அதற்கும் அடுத்து எப்போது? ஒரு மனிதர் வாழ்நாளில் குறிஞ்சிப் பூவை எத்தனை முறை காண முடியும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். விடை கைவிரல்களுக்குள் அடங்கிவிடும்.